இன்னும் கொஞ்சம் வெளியே

பொலிரோவின் சொந்தக் கண்ணாடியில்
தெரிவதெல்லாம் ஒரு வெள்ளைச் சுவர்.
சினிமாக்காரர்கள் கழித்துவிட்ட கேரவன்,
பக்கத்துக்கு ஒரு முழம்
எங்களைவிட அகலம்.
அதற்குப் பின்னால் உலகம் இருக்கிறதென்று
யாராவது ஹார்ன் அடித்தால்தான் தெரியும்.

நீடாமங்கலம் பட்டறையில் அமானுல்லா
முக்கால் இஞ்ச் பைப்பை வளைத்துக்
கை செய்தார்.
உடைத்த பஸ் ஒன்றின் கண்ணாடிகள் இரண்டை
அதன் நுனிகளில் பூட்டினார்.
"கை வைக்கிறது என் வேலை,
கண் வைக்கிறது உங்க வேலை.
ஓட்டுறவங்க உட்காரணும்,
ஒருத்தர் வெளிய நின்னு திருப்பணும்."

ஓட்டுவது தையல்நாயகி.
திருப்புவது நான்.
முந்தாநாள் ராத்திரியிலிருந்து
எங்களுக்குள் பேச்சு இல்லை.
காரணத்தைச் சொன்னால் சின்னதாகத் தெரியும்,
சொல்லப்போவதில்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கம்
ஆறு அறுவடை மெஷின் இறங்கியிருக்கிறது.
பதினான்கு ஆள், மூன்று வேளைச் சோறு,
பகலில் அடுப்படி, ராத்திரியில் படுக்கை.
நடிகைகள் முகம் பார்த்த பல்பு வரிசைக்குக் கீழே
இப்போது மிளகாய்த்தூள் டப்பாக்கள்.

பட்டறை வாசலில்
வெயில் ஏறுவதற்கு முன்பு தொடங்கினோம்.

"மேல."
திருப்பினேன்.
"வானம்."
இறக்கினேன்.
"டயரு."
"வெளிய."
பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை விட்டு
கையாலேயே தள்ளினேன்.
"இன்னும் கொஞ்சம் வெளிய."

இரண்டு நாளில்
அவள் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம்.

வலப்பக்கம் முடிந்தது.
இடப்பக்கம் பிடிவாதம்.
நட்டை இறுக்கும்போதெல்லாம்
அரை விரல் தானாக உள்ளே வந்தது.
அவளுக்கு என்னதான் தெரிகிறதென்று
முகத்தை நீட்டிக் கண்ணாடிக்குள் பார்த்தேன்.
ரசம் போன ஓரத்துக்குப் பக்கத்தில்
அவள் கண்,
ஒன்றே ஒன்று,
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பார்த்தால் அவளும் பார்க்கிறாள்.
கண்ணாடிக்கு
ஒருதலை என்பது தெரியாது.

"நீதான் தெரியுற" என்றாள்.
நான் எதையாவது நினைத்துக்கொள்வதற்குள்,
"தள்ளு. ரோடு தெரியணும்."

மன்னார்குடி வரைக்கும் வம்பில்லை.
அகலக் கையை விரித்தபடி போனோம்,
ஊரை அளக்க வந்தவர்கள்போல.
கருவேலங்கிளை ஒன்று
என் பக்கத்துக் கண்ணாடியைக் கீறிவிட்டுப் போனது.
கேரவனுக்குள் ஏதோ ஒரு மூடி
உருண்டுகொண்டே வந்தது.
எடுத்து வைக்காதது யார் என்று
இருவருமே கேட்கவில்லை.

கோட்டூர் தாண்டி
குறுகலான வாய்க்கால் பாலம்.
ஏறியபின்தான் பார்த்தோம்,
எதிர்முனையில் டவுன் பஸ்
மூக்கை நுழைத்துவிட்டது.
"மடக்கு."

கண்ணாடி வைத்த கைகளை
ஆளுக்கொன்றாய் இழுத்து மடக்கினோம்.
இனி இடப்பக்கத்தில்
அவளுக்குக் கண் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை சாய்ந்தேன்.
கைப்பிடிச் சுவர், கீழே தண்ணீர்,
தண்ணீரில் எங்கள் வெள்ளைப் பெட்டி தலைகீழாக.

"இருக்கா?"
"இருக்கு. நாலு விரல்."
"இப்ப?"
"ரெண்டு."
"இப்ப?"
"தையலு, அப்படியே போ."

பெயர் வாயிலிருந்து விழுந்துவிட்டது.
அவள் திரும்பவில்லை,
கிளட்சில் இருந்த கால் மட்டும் ஒருகணம் தயங்கியது.
பஸ்ஸுக்கும் எங்களுக்கும் இடையில்
ஒரு தீப்பெட்டியைச் செருகலாம்.
கண்டக்டர் வெற்றிலை வாயோடு
"போலாம், போலாம்" என்றார்
எங்கள் கல்யாணத்தை நடத்தி வைப்பவர்போல.

பாலம் இறங்கியதும்
சாலையின் இடது பாதியில் நெல் காய்ந்தது.
பின்னால் இன்னொரு லாரி. வேறு வழியில்லை,
நெல்மேல் ஏறித்தான் போனோம்.

மடக்கிய கையை மறுபடி விரித்தேன்.
பழைய இடத்தில் நிற்கவில்லை,
சற்றுச் சாய்ந்து நின்றது.
நிறுத்திச் சரிசெய்யலாமா என்று கேட்டேன்.
"தெரியிறது போதும்" என்றாள்.

சாய்ந்த கண்ணாடியில்
முக்காடு போட்ட ஒரு பெண்
எங்கள் சக்கரம் கலைத்த நெல்லைக்
காலால் வகிடெடுத்துக்கொண்டிருந்தாள்.
தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.
வாய் அசைந்தது.
நிச்சயம் வாழ்த்து இல்லை.